ஏழு பெட்டிகள் அழிந்த முற்பகல்

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, பாதி ஸ்பிரிட், பாதி இன்னும் பழுக்காத ஏதோ ஒரு பழம், அது போன வாரம் மந்தைவெளிக் கடையொன்றில் என்மேல் வந்து மோதியது. நான் ரீஃபில் வாங்கப் போனவள். எனக்கு முன்னால் நின்ற பள்ளி ஆசிரியை நாலு நிறத்தில் மார்க்கர் கேட்டார். கடைப்பெண் ஒவ்வொன்றாகத் திறந்து ஓர் அட்டையில் கிறுக்கிக் காட்டினாள். நீலம். பச்சை. கறுப்பு. சிவப்பைத் திறந்தபோது என் வலது கை தானாக விலகி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, சூடான பாத்திரத்தைத் தொட்ட கை போல. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, பட்டப்பகலில், ஒரு ஸ்டேஷனரி கடையில் கையை ஒளித்துக்கொண்டு நிற்கிறாள். “உங்களுக்கு இன்னா வோணும்க்கா?” என்றாள் கடைப்பெண். ரீஃபில் வாங்காமலே திரும்பி வந்தேன்.

அதே வாரம் பழைய அலுவலகத்திலிருந்து போன். இப்போதெல்லாம் நாங்கள் படம்கூட வரைவதில்லை மேடம், வேண்டியதை ஒரு வரியில் சொன்னால் கருவியே வரைந்து கருவியே கட்டிவிடுகிறது என்றார்கள். முதன்முதலில் வரைபடத்தையும் கிளவுடையும் இணைத்தது நீங்கள்தானாமே, அலுவலக உள்சுற்று இதழுக்கு அதைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள். இனிமையான அனுபவமாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இனிமை வரவில்லை. இதுதான் வந்தது.

என் தொழில் கணினி. நிரல் எழுதும் வேலை இல்லை. நிரல்கள் குடியிருக்க வீடு கட்டித் தரும் வேலை. தரமணியில் டிப்ளமா, இரண்டு சின்ன கம்பெனிகள், ஒயர் இழுத்தது, குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மே மாதத்தைக் கழித்தது, இதெல்லாம் நாலு வரிக்கு மேல் தாங்காது. பிறகு ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் கணினிப் பிரிவு. பெயர் வேண்டாம். அடையாறில் மருத்துவமனை, அதன் இரண்டாவது மாடியில் இயந்திர அறை, தி.நகரில் நிர்வாக அலுவலகம், அங்கே நாங்கள். இயந்திரங்கள் ஒரு பக்கம், அவற்றை ஆட்டிவைக்கும் விரல்கள் ஒரு பக்கம். நடுவில் நந்தனமும் கோட்டூர்புரமும் ஆறும். அந்த இடைவெளியை நான் அன்றைக்கு வரை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அங்கேதான் சேகர் சார் இருந்தார். எனக்கு மேலே அவர், அவருக்கு மேலே கண்ணாடி அறைக்காரர்கள்.

சேகர் சாரின் அப்பா கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு செட் போடும் தச்சர். ராஜசபையும் ரயில் நிலையமும் ஒரே பலகையில் செய்தவர். படம் பிடித்து முடிந்ததும் அன்றைக்கே செட்டைக் கலைத்துவிட வேண்டும், மறுநாள் வேறு கம்பெனி வரும், நேற்றைய ராஜசபையில் இன்றைக்கு யாரும் இடித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒழுக்கம் ரத்தத்தில் இறங்கி மகனிடம் வந்திருந்தது. எந்தக் கூட்டம் முடிந்தாலும் சேகர் சார் வெள்ளைப் பலகையைத் துடைக்காமல் அறையைவிட்டுப் போனதில்லை. அவசர அவசரமாகத் துடைக்க மாட்டார். மேல் இடது மூலையில் ஆரம்பித்து வரி வரியாக, சுவருக்கு வெள்ளையடிப்பது போல. கணினியில் வரைய ஆரம்பித்த பிறகும் அதே பழக்கம். பேச்சு முடிந்ததும் திரையிலிருக்கும் பெட்டிகளையெல்லாம் சேர்த்துப் பிடித்து அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நல்ல பிரதி தனியாகக் கோப்பில் இருக்கும். கூட்டத்துக்குத் திறந்து வைத்ததைக் கலைத்துவிடுவார், அவ்வளவுதான். யாராவது பலகையில் எதையாவது மீதி வைத்துவிட்டுப் போனால் பின்னாலேயே போய்க் கூப்பிடுவார். “இன்னா நைனா, செட்ட யாரு கலைக்கிறது? உங்க மாமாவா?”

எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவர் கீழே வேலை பார்த்தவர்கள் யாரும், இன்றைக்கும், எழுதின பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மாட்டார்கள்.

இப்போது கருவி. அது வரைவதற்கான மென்பொருள்தான். பெட்டி ஒன்று போட்டால் ஒரு சர்வர், உருளை ஒன்று போட்டால் தரவுக் கிடங்கு, கோடு இழுத்தால் இரண்டுக்கும் பேச்சு வழி. பல வருடங்கள் அதில் வரைந்தோம். வரைந்ததைத் தாளில் அடித்துக் கையில் வைத்துக்கொண்டு, இயந்திர அறையில் ஒவ்வொன்றாக நாங்களே கட்டினோம். படம் படமாக இருந்தது. கட்டடம் கட்டடமாக இருந்தது. பிறகு மருத்துவமனை சொந்தமாக ஒரு கிளவுட் வைத்துக்கொண்டது. நோயாளிகளின் விவரம் வெளியார் இயந்திரத்தில் இருக்கக் கூடாது என்று அடையாறு அறையிலேயே, எங்கள் இரும்பிலேயே, ஒரு தனி மேகம். கருவியின் புதிய பதிப்பு அந்த மேகத்தோடு நேராகப் பேசும் என்றார்கள். படத்தில் ஒரு பெட்டி போட்டு ‘டிப்ளாய்’ என்று அமுக்கினால் அடையாற்றில் ஒரு சர்வர் பிறந்துவிடும். இணைக்கும் வேலை எனக்கு வந்தது.

இணைத்த அந்தத் திங்கட்கிழமையை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவேன். முதலில் மேகத்தின் முகவரி. அடுத்து அதன் சான்றிதழ். நீ பேசுவது நிஜமாகவே எங்கள் இயந்திரத்தோடுதானா, வேஷக்காரனோடா என்பதற்கு அதுதான் சாட்சி. சான்றிதழுக்கு ஒரு கைரேகை உண்டு, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு சரம். பெரும்பாலானவர்கள் முதல் நாலையும் கடைசி நாலையும் பார்த்துவிட்டுச் சரி என்று அமுக்குவார்கள். சேகர் சார் விட மாட்டார். நான் திரையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அவர் அடையாறிலிருந்து வந்த தாளில் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பாதியில் தும்மினேன். மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு கறாரான மனிதர். இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

மூன்றாவது, பயனர் பெயர். கருவி மேகத்துக்குள் யார் பெயரைச் சொல்லி நுழைய வேண்டும்? முறைப்படி அதற்கென்றே ஆளில்லாத ஒரு பெயர் வாங்க வேண்டும். மனிதப் பெயர் இல்லாத, கருவிக்கு மட்டுமான சாவி. அதற்கு ஒரு குழு கையெழுத்துப் போட வேண்டும்; குழு அடுத்த செவ்வாய்தான் கூடும். வெள்ளிக்கிழமை புதிய ஆய்வகச் சர்வர் ஏற வேண்டும். அதற்கு முன்னால் வியாழக்கிழமை கூட்டத்தில் படத்தைக் காட்ட வேண்டும்.

என் பெயரையே போட்டேன். கல்பனா. கடவுச்சொல். இப்போதைக்கு இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை மாற்றிக்கொள்ளலாம்.

தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எல்லோரும் செய்திருக்கிறோம். ‘இப்போதைக்கு’ என்று ஒட்டிவைத்தவைதான் எங்கள் துறையில் பாதியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அர்த்தம் இதுதான்: அன்றிலிருந்து அந்தக் கருவியின் முன் எவர் உட்கார்ந்தாலும், அவர் விரல் அசைவு ஒவ்வொன்றையும் அடையாறு என் அசைவு என்றே எழுதிக்கொள்ளும்.

‘சோதித்துப் பார்’ என்ற பொத்தானை அமுக்கினேன். பச்சை டிக். பிறகு, மேகத்தில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கூட்டி வா என்று கேட்டேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெற்றுத் திரையில் யாருடைய கையும் இல்லாமல் ஒரு பெட்டி வந்தது. இன்னொன்று. கோடு. உருளை. ஏழு பெட்டிகள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்றன. ரத்த வங்கி, மருந்தகம், ஸ்கேன் செய்த தாள்களின் கிடங்கு என்று நான் என் கையால் கட்டின சர்வர்கள், தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடிக்குள் பார்த்தால் கண்ணாடிக்குள் இருப்பவள் முதலில் கண் சிமிட்டினது போல.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வி கேட்டது. பார்க்க மட்டுமா, நிர்வகிக்கவா? பார்க்க மட்டும் என்றால் படம் வெறும் படம். நிர்வகிக்க என்றால் படம்தான் எஜமானன். படத்தில் என்ன உண்டோ அது அங்கே உண்டு, படத்தில் இல்லாதது, யாரும் டிப்ளாய் அமுக்காமலே, அங்கேயும் இல்லை. புதிய ஆய்வகச் சர்வர் பழைய ஏழோடும் பேச வேண்டும் என்பதால் ஏழையும் ஒரே டிக்கில் ‘நிர்வகிக்க’ என்று போட்டேன். சேகர் சார் அறை வாசலில் நின்று தகவல் சொன்னேன்: “சார், கனெக்ட் ஆயிடுச்சு. எல்லாத்தையும் மேனேஜ்ல போட்டுட்டேன்.” அவர் போனில் இருந்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் எங்கள் ஒப்படைப்பு. கைரேகைக்கு ஒவ்வோர் எழுத்தாக டிக் போட்டவரும், அதைப் படித்தவளும், இதை வாசலில் நின்று முடித்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை முற்பகல். கூட்டம் நன்றாகப் போனது. ஏழு பெட்டிகள் தாங்களாக வந்து நின்ற கதையைச் சொன்னேன், ஆச்சரியப்பட்டார்கள். முடிந்ததும் எல்லோரும் டீக்குக் கீழே இறங்கினோம். சேகர் சார் மட்டும் வழக்கம்போல் கடைசி ஆளாகப் பின்தங்கினார்.

டீ கிளாஸ் கையில் வந்த நேரத்தில் போன் அடித்தது. அடையாறு ரத்த வங்கியின் டெக்னீஷியன் ஃபாத்திமா. எப்போதும் சலாம் சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று எதுவும் இல்லை.

“மேடம், ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல.”

நெட்வொர்க்காக இருக்கும் என்றேன். இல்லை, மருந்தகத்திலும் இல்லையாம், எக்ஸ்ரேயிலும் இல்லையாம். நான் மாடிப்படியில் ஏறிக்கொண்டே கேட்டேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பெண். கொட்டிவாக்கம். பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏற்கெனவே பலமுறை ரத்தம் ஏறின உடம்பு, அதனால் எல்லா ரத்தமும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. காலையிலிருந்து தேடிப் பொருத்தி இரண்டு பைகளை அவளுக்கென்று ஒதுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். எந்த இரண்டு என்பது கணினிக்குத்தான் தெரியும். பையின்மேல் எண் மட்டும். இன்ன எண் இன்னாருக்கு என்ற சீட்டை ஸ்கேன் செய்த உடனே கிழித்துவிட வேண்டும் என்பது புது விதி. கிழித்துவிட்டார்கள். ஸ்கேன் செய்தது அதே மேகத்தில். மறுபடி எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

“ஃப்ரிட்ஜத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன் மேடம்” என்றாள் ஃபாத்திமா. “எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்கு.”

மேலே சேகர் சார் ஏற்கெனவே இன்னொரு போனில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டு என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய அந்த மூடின கண்ணை நான் மறக்க மாட்டேன். சின்ன வயதில் ஸ்டுடியோக் குப்பையில் பிலிம் துண்டு பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்த்த கண் அது என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

“ஃபாத்திமா, சீட்டு அடிக்கிற பிரிண்டர் பக்கத்துல கீதுல்ல?”

“இருக்கு சார்.”

“மூடியத் தொற. உள்ள கறுப்பு ரிப்பன் ரெண்டு உருளைல சுத்திக்கினு கீது பாரு. ஓடி முடிஞ்ச பக்கத்து உருளைய உருவி எடு. ஜன்னலாண்ட போ. வெளிச்சத்துல புடி.”

கறகறவென்று பிளாஸ்டிக் இழுபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“காலைலேர்ந்து நீ அடிச்ச சீட்டெல்லாம் அதுல ஓட்டை ஓட்டையா கீதும்மா. நெகட்டிவ் மாதிரி. மை எங்க போச்சோ அங்க வெளிச்சம் வரும். பொறுமையா படி.”

மூச்சு மட்டும் கேட்டது. ஓர் அடி, இரண்டு அடி என்று அவள் ரிப்பனைப் பிரித்துக்கொண்டே போவது கேட்டது. யாருடைய பெயரையோ சொன்னாள், அது இல்லை. இன்னொரு பெயர், அதுவும் இல்லை. நான் என் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று பல்லில் நூல் மாட்டின பிறகுதான் தெரிந்தது.

“தெரியுது சார்” என்றாள் ஃபாத்திமா. இரண்டு எண்களைப் படித்தாள். சேகர் சார் பலகையில் எழுதினார், மறுபடி படிக்கச் சொன்னார், மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார். டாக்டர் அந்த இரண்டை மட்டும் அவசரமாக ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டுத் தியேட்டருக்கு அனுப்பினார். பெண் பிழைத்தாள். குழந்தையும். இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் அன்று தவித்தது போல் நீங்களும் தவிக்க வேண்டாம்.

முந்தைய இரவின் பிரதியிலிருந்து ஏழு சர்வர்களையும் ஒவ்வொன்றாக எழுப்பினோம். சாயங்காலத்துக்குள் ஏழும் எழுந்துவிட்டன. பலகையிலிருந்த எண்களைத் துடைத்துவிட்டுச் சேகர் சார் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அந்த மனிதர் கீழே வேலை பார்ப்பது எனக்கு ஒரு கர்வமாக இருந்தது. பிறகு, யார் இதைச் செய்தது என்று பார்க்க மேகத்தின் பதிவேட்டைத் திறந்தேன்.

பதினொன்று நாற்பத்திரண்டு. நீக்கு. நீக்கு. நீக்கு. ஏழு வரிகள். ஏழு வரியிலும் ஒரே பெயர்.

கல்பனா.

அந்த அதிர்ச்சியை எந்த வார்த்தையில் வைப்பது? வீட்டில் திருட்டுப் போய், போலீஸ்காரர் எடுத்துக் காட்டுகிற கைரேகை உங்களுடையதாக இருப்பது போல. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானே செய்துவிட்டேன் என்று நம்பினேன். ஏதோ ஒரு கட்டளையை ஓடவிட்டு மறந்திருக்கிறேன். மனிதர்களுக்குக் கொலை செய்ததே மறந்துபோகும் என்று சொல்வார்கள் அல்லவா? என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவற்றில் எது?

வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறைக்குப் போனேன். எதற்கு என்று தெரியாது. பலகை பளிச்சென்று இருந்தது. கணினியைத் தட்டினேன், கருவி திறந்தபடியே இருந்தது, வரைதிரையும் பளிச்சென்று இருந்தது. ஒரு பெட்டி இல்லை. ஒரு கோடு இல்லை.

சுத்தம். அவ்வளவு சுத்தம் இந்த உலகத்தில் ஒருவரால்தான் முடியும்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் டீக்கடை வரிசையில் நின்றேன். அவர் இங்கே நின்றார். படம் முடிந்தது, செட்டைக் கலைத்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அழித்தார். ‘தேர்ந்தெடுத்தவை நீக்கப்படும், தொடரவா’ என்று அது கேட்டிருக்கும். பல வருடமாக அது அப்படித்தான் கேட்கிறது. பல வருடமாக அவர் ஆம் என்றுதான் அமுக்குகிறார். பிறகு பலகையைத் துடைத்திருப்பார், மேல் இடது மூலையிலிருந்து. அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு சர்வர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

கருவி தன் முன்னால் உட்கார்ந்தது யார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. அறையில் கேமரா இல்லை. அவர் சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் என் பெயர்தான். இந்தத் தொழிலில் அந்தப் பெயர் அந்த வரியில் நின்றுவிட்டால் பிறகு எந்த இயந்திர அறையின் கதவும் எனக்குத் திறக்காது.

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் அவர் டீ குடிக்கும் இடத்தில் போய் நின்றேன்.

“சார், நேத்து மீட்டிங் முடிஞ்சதும் படத்தக் கலைச்சீங்களா?”

“கலைக்காம? என்னிக்கும்மா நான் கலைக்காம போயிருக்கேன்?”

அவர் முகத்தையே பார்த்தேன். கிளாஸ் அவர் வாய்க்குப் பாதி வழியில் இருந்தது. அங்கேயே நின்றது. ஒரு முகம் தன்னைத்தானே கண்டுபிடிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். இனி பார்க்க விரும்பவில்லை.

“படத்தத்தாம்மா கலைச்சேன்” என்றார்.

“தெரியும் சார்.”

ஒரு ஆட்டோ எங்களை ஒட்டிப் போனது. யாரோ கலகலவென்று சிரித்தார்கள். அவர் கிளாஸை டீக்கடைப் பலகையில் வைத்தார்.

“அது இன்னாம்மா,” என்றார். “ஒரு சத்தம்கூட வரலியே.”

ராஜசபை இடிந்தால் சத்தம் வரும். ஆணி பிடுங்கும் சத்தம், பலகை விழும் சத்தம், தூசி, தும்மல். அப்பாவின் சுத்தியல் சத்தத்தில் வளர்ந்தவருக்கு அழிவென்பது காதில் விழுகிற ஒன்று. நான் வாசலில் நின்று சொன்னதை எடுத்துச் சொல்ல நினைத்தேன். அப்போது அவர் போனில் இருந்தது ஞாபகம் வந்தது.

“எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் கீது” என்றார். எட்டு மாதத்தில் ஓய்வு. டீயைக் குடிக்காமலே போனார். திங்கட்கிழமை விசாரணை என்று மதியமே தகவல் வந்துவிட்டது.

சனி, ஞாயிறு. மெரினாவில் நடந்தேன், லஸ்ஸில் நடந்தேன், கபாலி கோயில் குளத்தைச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணாமல் நடந்தேன். ஒருமுறை போனில் அவர் எண்ணை எடுத்தேன். கேட்டு வாங்குகிற உண்மை எனக்கு எதற்கு என்று வைத்துவிட்டேன். அடுத்த நிமிடம், அந்தக் கர்வம் எனக்கு எதற்கு என்று மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

திங்கட்கிழமை விசாரணை அதே கூட்ட அறையில். நிர்வாக மேலாளர் பத்மநாபன், மயிலாப்பூர்க்காரர், மரியாதையாகப் பேசியே ஆளைச் சுருக்கிவிடுகிறவர். அவருக்குப் பக்கத்தில் இரண்டு அதிகாரிகள். சேகர் சாரின் நாற்காலி காலி.

“பதிவுல உங்க பேருதான் இருக்கு. என்ன பண்ணினேள்னு நீங்களே சொல்லிடுங்கோ” என்றார் பத்மநாபன்.

என் பெயரில் இணைத்தது என் தப்பு, குழுவின் கையெழுத்துக்குக் காத்திருக்காதது என் தப்பு, ஏழையும் ஒரே டிக்கில் போட்டதும் என் தப்பு என்றேன். ஆனால் அழித்தது நானில்லை என்றேன். பின்னே யார் என்று கேட்டார். எனக்குத் தெரியும். பெயர் நாக்கின் நுனியில் இருந்தது, மூன்று எழுத்துப் பெயர். அந்த ஃப்ரிட்ஜின் முன்னால் ஃபாத்திமா நின்றதும், “பொறுமையா படி” என்ற குரலும் அந்தப் பெயரின்மேல் உட்கார்ந்திருந்தன. சொல்லியிருப்பேனா? இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால்? எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் நேர்மையாக எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது.

சேகர் சார் அடையாறிலிருந்து வந்திருந்தார். பிரசவ வார்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாராம், உள்ளே போகவில்லையாம். தாமதத்துக்கு மன்னிப்பு என்றார். உட்காரவில்லை. நேராகப் பலகைக்குப் போய்ச் சிவப்பு மார்க்கரை எடுத்தார். மூடியைத் திறந்தார். அந்த வாசம் அறை முழுக்க வந்தது.

வரைந்தார். தி.நகர் என்று ஒரு சதுரம். அடையாறு என்று ஒரு சதுரம். நடுவில் கருவி. கருவியிலிருந்து அடையாற்றுக்கு ஒரு கோடு, கோட்டின்மேல் கல்பனா என்று என் பெயர். பிறகு கருவிக்கு முன்னால் ஒரு நாற்காலி. அந்த வேளையிலும் அழகாகத்தான் வரைந்தார். நாற்காலியில் ஒரு கை. விரல்கள் ஐந்தும் சரியாக. கீழே பதினொன்று நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

“இது அவ பேரு சார்,” என்றார் கோட்டைத் தொட்டு. “இது என் கை.”

பத்மநாபன் வெகுநேரம் பலகையையே பார்த்தார். குரலை இறக்கி, இரக்கமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்: “சேகர், யோசிச்சுப் பேசுங்கோ. டூல்ல கோளாறுன்னு எழுதிடலாமே.”

“டூல் சொன்னதச் செஞ்சுது சார். நான்தான் இன்னா சொல்றேன்னு தெரியாம சொன்னேன்.”

அந்த அறையில் என் காதில் அதற்குப் பிறகு எதுவும் ஒழுங்காக விழவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், மேகத்தின் சாவி மறு உத்தரவு வரை கிடையாது. அவருக்கு, அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும், மற்றது பிறகு. அந்தப் பிறகு வரவே இல்லை. எட்டு மாதமும் அவர் வீட்டிலேயே முடிந்துபோனது. கழுத்திலிருந்த அடையாள அட்டையை நாடாவோடு கழற்றி மேஜைமேல் வைத்தார். நாடாவை நேராக நீவி வைத்தார். அவர்கள் எழுந்து போனார்கள்.

நாங்கள் இருவர். பலகை நிறையச் சிவப்பு. நான் நன்றி சொல்ல வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியாமல், தெரியாத நேரத்தில் கை எதைச் செய்யுமோ அதைச் செய்தேன். அவரிடம் கற்ற கை அது. கூட்டம் முடிந்துவிட்டது, டஸ்டரை எடுத்தேன். மேல் இடது மூலைக்குக் கொண்டுபோனேன்.

அவர் கதவருகே நின்று திரும்பினார். மார்க்கரின் மூடி இன்னும் அவர் கையில் இருந்தது. வந்து அதை மேஜையில் வைத்தார். என் மணிக்கட்டை ஒரு விரலால் தொட்டுக் கீழே இறக்கினார்.

“வையி கல்பனா,” என்றார். “இந்த ஒரு செட்டு நிக்கட்டும்.”